முதலில் படிக்க வேண்டியவர் பெற்றோர்

இங்கிலாந்தில் வாழும் ஈழத் தமிழ்க் குடும்பங்கள் ஆகஸ்ட் மாதத்தில் இரண்டாகப் பிரியும். பள்ளி விடுமுறையோடு நல்லூர்த் திருவிழாவையும் பார்த்துவிடலாம் என்று யாழ்ப்பாணத்துக்கு டிக்கெட் போடுபவர்கள் ஒரு பக்கம். "இந்த வருஷம் எங்களுக்கு ஏலாது, மூத்தவளுக்கு லெவன் பிளஸ்" என்று நின்றுவிடுபவர்கள் மறுபக்கம். கேட்பவர் மறுபேச்சுப் பேச மாட்டார். கல்யாணம், பிரசவம் மாதிரி எல்லோரும் ஒப்புக்கொள்ளும் காரணமாகிவிட்டது அது. செப்டம்பரில் ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும் தேர்வுக்காக, பத்து வயதுப் பிள்ளையோடு சேர்ந்து மொத்த வீடும் விடுமுறையைத் துறக்கிறது.

லெவன் பிளஸ் என்பது கிராமர் பள்ளிகளுக்கான நுழைவுத் தேர்வு. இவை தனியார் பள்ளிகள் அல்ல. அரசுப் பணத்தில் நடப்பவை, கட்டணம் கிடையாது. ஆனால், தேர்வில் தேறினால்தான் கதவு திறக்கும். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் இத்தகைய பள்ளி ஒன்றுகூட இல்லை. வட அயர்லாந்தின் கதை தனி. இங்கிலாந்தில் எஞ்சியிருப்பவை 163. அந்நாட்டின் அரசு உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் ஏறத்தாழ இருபதில் ஒருவர்தான் அவற்றில் படிக்கிறார்.

எஞ்சியிருப்பவை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 1944-ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்துக்குப் பிறகு பதினோரு வயதுப் பிள்ளைகளைச் சோதித்து மூன்று வகைப் பள்ளிகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள். ஏட்டுப் படிப்புக்கு ஏற்றவர்களுக்குக் கிராமர் பள்ளி, தொழில்நுட்ப நாட்டம் உள்ளவர்களுக்குத் தொழில்நுட்பப் பள்ளி, மற்றவர்களுக்கு 'செகண்டரி மாடர்ன்'. இரண்டாவது வகைப் பள்ளிகள் பெரும்பாலான ஊர்களில் கட்டப்படவே இல்லை. ஆகவே தேறியவர், தேறாதவர் என்ற இரண்டே வகுப்புகள் மிஞ்சின. 1965-இல் தொழிற்கட்சி அரசின் கல்வி அமைச்சர் ஆன்டனி கிராஸ்லாண்ட், எல்லோரும் ஒன்றாகப் படிக்கும் பொதுப் பள்ளிகளுக்கு மாறும்படி உள்ளாட்சி அமைப்புகளைக் கேட்டுக்கொண்டார். அப்படி மாறிய பள்ளிகளுக்கு அதிக அளவில் ஒப்புதல் தந்தவர், 1970 முதல் 1974 வரை கல்வி அமைச்சராக இருந்த மார்கரெட் தாட்சர் என்பது அந்நாட்டு அரசியலின் வேடிக்கைகளில் ஒன்று. புதிய கிராமர் பள்ளி தொடங்குவதையே 1998-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துவிட்டது. 2016-இல் பிரதமர் தெரசா மே அந்தத் தடையை நீக்கப் பார்த்தார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் பெரும்பான்மை போனது; கூடவே அந்தப் பேச்சும் போனது.

தேறாதவர்கள் அதை எளிதில் மறப்பதில்லை. 1997 முதல் 2007 வரை துணைப் பிரதமராக இருந்த ஜான் பிரெஸ்காட் சிறுவயதில் இந்தத் தேர்வில் தோற்றவர். அவருக்குப் பிடித்த சிறுமி தேறிவிட்டாள். அவளுக்கு அவர் எழுதிய காதல் கடிதம், எழுத்துப் பிழைகள் திருத்தப்பட்டுத் திரும்பி வந்ததாம். நாட்டின் இரண்டாவது பெரிய பதவிக்கு வந்த பிறகும் அவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பதினோரு வயதில் பிள்ளையை அளந்துவிடலாம் என்ற நம்பிக்கைக்கு அறிவியல் மதிப்பைத் தேடித் தந்தவர்களில் முக்கியமானவர் உளவியலாளர் சிறில் பர்ட். அறிவுத்திறன் பெரும்பாலும் பிறப்பிலேயே அமைவது என்பது அவர் கட்சி. பிரித்து வளர்க்கப்பட்ட இரட்டையர்கள் பற்றிய ஆய்வு அதற்கு அவர் காட்டிய சான்று. 1971-இல் அவர் இறந்த பிறகு அந்தப் புள்ளிவிவரங்கள் சந்தேகத்துக்கு உள்ளாயின. அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய லெஸ்லி ஹெர்ன்ஷாவே, 1979-இல், அவை இட்டுக்கட்டப்பட்டவை என்ற முடிவுக்கு வந்தார். பர்ட்டுக்காகப் பிற்பாடு வாதாடியவர்களும் உண்டு. ஆனால், பயிற்சியால் மாறாத ஏதோ ஒன்றை இந்தத் தேர்வு அளக்கிறது என்ற எண்ணம் அதற்கு முன்பே ஆட்டம் கண்டிருந்தது. பயிற்சி கொடுத்தால் மதிப்பெண் ஏறும் என்று 1950-களிலேயே உளவியலாளர் பிலிப் வெர்னன் காட்டியிருந்தார். அந்த ஏற்றத்தின் பெரும்பகுதி முதல் சில மணி நேரப் பயிற்சியிலேயே கிடைத்துவிடுகிறது, பிறகு வேகம் குறைந்துவிடுகிறது என்பதும் அந்தக் கால ஆய்வுகள் சொன்னதுதான். டியூஷன் சென்டர்களின் விளம்பரங்களில் இந்த இரண்டாவது பாதி மட்டும் இடம்பெறுவதில்லை.

டியூஷனால் அசைக்க முடியாத தேர்வு ஒன்றைச் செய்துவிடலாம் என்ற முயற்சியும் நடந்தது. டர்ஹாம் பல்கலைக்கழகத்தின் மதிப்பீட்டு மையம் தயாரித்த வினாத்தாளுக்குப் பக்கிங்ஹாம்ஷயர் 2013-இல் மாறியது. பழைய வினா வகைகளை மனப்பாடமாகப் பழகியவர்களுக்கு இது பிடிபடாது, ஏழைப் பிள்ளைகள் கூடுதலாக உள்ளே வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. டியூஷன்காரர்கள் புதிய வடிவத்துக்குப் பாடம் எழுதிக்கொண்டார்கள். பக்கிங்ஹாம்ஷயர் சில ஆண்டுகளில், தேர்வுத் தாள் தயாரிக்கும் ஜி.எல். நிறுவனத்தின் வினாத்தாளுக்கே திரும்பியது. அந்த மையமும் 2022-இல் இத்தகைய தாள்களை அச்சிட்டுத் தருவதிலிருந்து விலகிக்கொள்வதாக அறிவித்தது.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஜான் ஜெரிம், சாம் சிம்ஸ் இருவரும் நடத்திய ஆய்வில் வரும் எண்கள் பெற்றோரின் தூக்கத்தைக் கெடுப்பவை. தேர்வுக்கெனத் தனிப்பயிற்சி பெற்ற பிள்ளைகளில் சுமார் 70 சதவீதத்தினர் கிராமர் பள்ளிக்குள் நுழைந்தார்கள். பெறாதவர்களில் 14 சதவீதத்தினர்தான். வருமானம் சராசரிக்கும் கீழே உள்ள குடும்பங்களில் பத்தில் ஒரு பிள்ளைக்குக்கூட அந்தப் பயிற்சி கிடைக்கவில்லை. பயிற்சிக்கு அனுப்புகிற வீடு வேறு பல வகைகளிலும் வசதியுள்ள வீடு. ஆகவே அந்த வித்தியாசம் முழுவதையும் டியூஷன் கணக்கில் எழுதிவிட முடியாது. சட்டன் அறக்கட்டளையின் 2013-ஆம் ஆண்டு அறிக்கை இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. கிராமர் பள்ளிகளில் சேர்ந்தவர்களில் இலவச மதிய உணவுக்குத் தகுதியான ஏழைப் பிள்ளைகள் 3 சதவீதத்துக்கும் குறைவு. கட்டணத் தொடக்கப் பள்ளிகள் போன்ற அரசு சாராத இடங்களிலிருந்து வந்தவர்களோ கிட்டத்தட்ட 13 சதவீதம்.

ஆக, "திறமை இருந்தால் தானாகத் தேறும்" என்று பேசாமல் இருந்துவிடுவது நேர்மையான ஆலோசனை அல்ல. அரசுத் தொடக்கப் பள்ளி இந்தத் தேர்வுக்குத் தயார் செய்யாது. அது பள்ளியின் வேலையும் அல்ல. தேர்வில் வரும் நான்கு பகுதிகளில் ஆங்கிலமும் கணக்கும் மட்டுமே வகுப்பில் உண்டு. சொற்களையும் எழுத்துக் குறியீடுகளையும் வைத்து யோசிக்கச் சொல்லும் சொல் தருக்கமும், உருவங்களைத் திருப்பிக் கவிழ்த்து அடுத்தது எது என்று கேட்கும் உருவத் தருக்கமும் எந்தப் பாடவேளையிலும் இல்லை. அந்த வினாக்களை முதல்முறையாகத் தேர்வறையில் பார்க்கும் பிள்ளை, ஒவ்வொரு வினா என்ன கேட்கிறது என்று புரிந்துகொள்வதற்குள் மணி அடித்துவிடும். உதவி வேண்டும். அந்த உதவி எங்கே தொடங்க வேண்டும் என்பதில்தான் பெரும்பாலான வீடுகள் தவறுகின்றன. பிள்ளையின் மேசையில் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டியது, பள்ளி வெளியிடும் சேர்க்கை விதிகளைப் பெற்றோர் உட்கார்ந்து படிப்பதில்.

ஏனென்றால் 'லெவன் பிளஸ்' என்ற பெயரில் ஒரே ஒரு தேர்வு கிடையாது. கென்ட் மாவட்டத்தில் 32 கிராமர் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே ஏறத்தாழ நான்கில் ஒரு பிள்ளைக்கு இடம் கிடைக்கும் வகையில்தான் கணக்குப் போடுகிறார்கள். முன்கூட்டியே பதிவு செய்தால்தான் எழுத முடியும். கோடையின் தொடக்கத்திலேயே பதிவு மூடிவிடும். பக்கிங்ஹாம்ஷயரிலோ அந்த மாவட்டத்து அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கும் பிள்ளை, பெற்றோர் வேண்டாம் என்று எழுதித் தராவிட்டால், தானாகவே தேர்வுப் பட்டியலில் இருக்கும். 121 எடுத்தால் தகுதி. தகுதி வந்த பிறகு இடம் கிடைப்பது பெரும்பாலும் வீட்டின் தூரத்தைப் பொறுத்தது. லண்டன் வேறு உலகம். பார்னெட்டில் உள்ள குயின் எலிசபெத் ஆண்கள் பள்ளியில் இருநூறுக்கும் குறைவான இடங்களுக்கு ஆண்டுதோறும் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் மோதுகிறார்கள். அங்கே தேறுவது என்ற பேச்சே இல்லை. வரிசையில் எத்தனையாவது இடம் என்பதுதான். சட்டன் பகுதியின் ஐந்து பள்ளிகள் முதற்கட்டத்துக்கு ஒரே தேர்வை வைக்கின்றன. அதைத் தாண்டியவர்களுக்கு இரண்டாம் கட்டம். கிங்ஸ்டனின் டிஃபின் பள்ளிகளும் இரண்டு கட்டமாகச் சோதிப்பவை. எந்த அஞ்சல் குறியீட்டில் வீடு இருக்கிறது என்பதையும் பார்ப்பவை.

இதைப் படிக்காமல் இரண்டு ஆண்டுகள் பயிற்சித்தாள் போட வைத்து, மதிப்பெண்ணும் வந்து, வீடு எல்லைக்கு வெளியே இருப்பதால் இடம் கிடைக்காமல் போனால் அந்தப் பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன விளக்கம் சொல்வது? தேர்வில் பிள்ளை தன் வேலையைச் செய்துவிட்டது. வீட்டுப்பாடம் செய்யாதவர்கள் பெரியவர்கள்.

விதிகளுக்குள் பல சலுகைகளும் ஒளிந்திருக்கின்றன. இலவச மதிய உணவுத் தகுதி உள்ள குடும்பங்களின் பிள்ளைகளுக்குச் சில பள்ளிகள் குறைந்த மதிப்பெண்ணில் இடம் தருகின்றன. பர்மிங்காமின் ஆறாம் எட்வர்டு பெயரிலான பள்ளிகள் அதில் முன்னணியில் இருப்பவை. வாசிப்புக் குறைபாடு போன்ற சிக்கல் உள்ள பிள்ளைக்குக் கூடுதல் நேரம் கேட்கலாம். ஆனால் அதைப் பதிவு செய்யும்போதே சான்றோடு கேட்க வேண்டும். ஆகஸ்டில் பிறந்த பிள்ளைகளின் பெற்றோர் வீணாகக் கவலைப்படுகிறார்கள். ஒரே வகுப்பில் செப்டம்பரில் பிறந்த பிள்ளைக்கும் ஆகஸ்டில் பிறந்த பிள்ளைக்கும் கிட்டத்தட்ட ஒரு வயது வித்தியாசம் என்பதால், வயதைக் கணக்கில் எடுத்துத்தான் மதிப்பெண்ணைச் சீர்படுத்துகிறார்கள்.

இனி, பிள்ளையின் மேசை. பக்கிங்ஹாம்ஷயரில் மொத்த மதிப்பெண்ணில் பாதி, சொல் சார்ந்த திறனுக்கு. கணக்குக்குக் கால் பங்கு, உருவத் தருக்கத்துக்குக் கால் பங்கு. நம்மவர்கள் வீட்டில் இந்த விகிதம் அப்படியே தலைகீழாக இருக்கும். கணக்கு நமக்கு வரும், சொல்லித்தரத் தெரியும் என்பதால் மாலை முழுவதும் கணக்காகவே போகும். கணக்குக்கு வேண்டியதெல்லாம் குறைவுதான்: பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரை தடுமாறாமல் சொல்வது, பின்னம், தசமம், சதவீதம், நேரம், அளவை. விகிதமும் அடிப்படை இயற்கணிதமும் பாடத்திட்டப்படி ஆறாம் ஆண்டில்தான் வருகின்றன. தேர்வோ ஆறாம் ஆண்டு தொடங்கிய சில நாட்களிலேயே வந்துவிடுகிறது. அந்தந்தப் பள்ளி எது வரை கேட்கும் என்று சொல்லியிருக்கிறதோ, அதுவரை வீட்டில் எட்டிப்பார்த்தால் போதும்.

சொல்வளம் அப்படி வராது. ஆயிரம் சொற்கள் அடங்கிய அட்டைகளை வாங்கிச் சுவரில் ஒட்டி, ஒத்தபொருள், எதிர்ப்பொருள் என்று ஒப்பிக்க வைக்கும் வீடுகள் ஏராளம். அப்படிப் படித்த சொல், கதைப் பகுதியில் சற்றே வேறு பொருளில் வந்தால் பிள்ளை திகைத்துவிடும். வாசிப்பவர்கள் எடுக்கும் மதிப்பெண்ணை அட்டைகள் எடுத்துக் கொடுத்ததில்லை. ஊர் நூலகங்கள் கோடை விடுமுறையில் நான்கு முதல் பதினோரு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இலவசமாக வாசிப்புச் சவால் நடத்துகின்றன. ஆறு புத்தகம் படித்தால் ஒரு பதக்கம். அங்கே சேர்க்க மறந்துவிட்டு, மாதக் கட்டணத்துக்குச் சொல்வள வகுப்பில் சேர்ப்பது விநோதம்.

தங்கள் ஆங்கிலம் போதாது என்று தயங்கும் பெற்றோருக்கும் இதில் வேலை உண்டு. பிள்ளை ஆங்கிலத்தில் படித்த அத்தியாயத்தை இரவில் அம்மாவுக்கோ அம்மம்மாவுக்கோ தமிழில் கதையாகச் சொல்லட்டும். "அவன் ஏன் அப்பிடிச் செய்தவன்?" என்று அம்மம்மா கேட்கும் கேள்வியைத்தான் வினாத்தாளும் கேட்கிறது: பாத்திரத்தின் மனநிலை என்ன, எந்த வரியிலிருந்து அது தெரிகிறது? தேர்வு முடியும்வரை வீட்டில் தமிழ் பேச வேண்டாம், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கும் போக வேண்டாம் என்று நிறுத்துபவர்கள், ஆங்கிலம் வளர்ப்பதாக நினைத்து, யோசித்துப் பேசும் பழக்கத்துக்கு வீட்டில் கிடைத்த நல்ல வாய்ப்பை இழக்கிறார்கள்.

தருக்கப் பகுதிகளுக்கு வெர்னன் காலத்துப் பாடம் இன்றும் பொருந்தும். வினா வகைகள் கணக்கிடக்கூடிய அளவில்தான் உள்ளன. ஒவ்வொரு வகையையும் பிள்ளைக்கு அறிமுகம் செய்து, வழி கண்டுபிடிக்க வைத்து, நேரம் வைத்துப் பழக்கினால் பெரும்பங்கு முடிந்தது. ஜி.எல். நிறுவனமே மாதிரித் தாள்களை இலவசமாக வைத்திருக்கிறது. ஐந்தாம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து நாளுக்கு அரைமணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்குப் போதுமான அளவு. ஏழு வயதில் தொடங்கும் மூன்றாண்டுத் திட்டங்களால் நிச்சயமாகப் பயனடைபவர் அவற்றை விற்பவர்தான்.

கடைசிக் கட்டத்தில் சொல்லித்தர வேண்டியவை சிறிய விஷயங்கள். விடைத்தாளை இயந்திரம் திருத்துகிறது. ஒரு வினாவைத் தாண்டும்போது விடைத்தாளில் அந்த வரியைத் தாண்ட மறந்தால், அதற்குப் பிறகு வரும் சரியான விடைகள் எல்லாம் தவறான கட்டத்தில் விழும். கெட்டிக்காரப் பிள்ளைகள் சறுக்கும் இடம் இது. தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்காத தாளில் எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடக் கூடாது. எழுத்துப் பிழை கண்டுபிடிக்கும் பகுதியில் 'பிழை இல்லை' என்பதும் ஒரு விடை. இல்லாத பிழையைத் தேடிக்கொண்டே நேரத்தைத் தொலைக்கும் பிள்ளைகள் உண்டு. கென்ட் தேர்வில் ஒரு கட்டுரையும் எழுதச் சொல்வார்கள். அதற்கு மதிப்பெண் கிடையாது, ஆனால் எல்லைக்கோட்டில் நிற்கும் பிள்ளையைத் தலைமையாசிரியர்கள் குழு பரிசீலிக்கும்போது அதை எடுத்துப் பார்க்கலாம்.

மாதிரித் தேர்வுகள் தனி வியாபாரமாகிவிட்டன. வார இறுதியில் ஏதாவது ஒரு மண்டபத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை உட்கார வைத்து, மாலையில் தரவரிசைப் பட்டியல் அனுப்புவார்கள். நேரத்துக்குள் முடிக்க முடிகிறதா, எந்த வகை வினாவில் பிழை வருகிறது என்ற இரண்டையும் அறிய ஒன்றிரண்டு மாதிரித் தேர்வு உதவும். அந்தத் தரவரிசைக்கு மதிப்பில்லை. பணம் கட்டி வந்தவர்களுக்குள் போட்ட வரிசை அது. ஆனால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுற்றுவது அந்த எண்தான்.

இலங்கையில் வளர்ந்த பெற்றோருக்கு இந்தப் பதற்றம் புதிதல்ல. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையைப் பத்து வயதில் எழுதியவர்கள் அவர்கள். 1940-களில் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் வந்தபோது, கிராமத்து ஏழைப் பிள்ளைகளுக்கு மத்திய கல்லூரிகளின் கதவைத் திறப்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு அது. இன்று மாவட்டத்துக்கு ஒரு வெட்டுப்புள்ளி, பத்திரிகையில் படம், தெருவுக்கொரு வகுப்பு என்று வளர்ந்திருக்கிறது. 2024-ஆம் ஆண்டுப் பரீட்சையில் மூன்று வினாக்கள் முன்கூட்டியே கசிந்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், எழுதிய எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த மூன்று வினாக்களுக்கும் மதிப்பெண் தரும்படி டிசம்பர் 31 அன்று தீர்ப்பானது. பத்து வயதுப் பிள்ளைகளின் வினாத்தாளைத் திருடும் அளவுக்கு அதற்கு ஒரு விலை இருக்கிறது. அந்தப் பதற்றத்தை லண்டனுக்குக் கொண்டுவந்தவர்கள், இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்கத் தவறுகிறார்கள்: இங்கிலாந்தில் பெரும்பாலான பிள்ளைகள் இப்படி ஒரு தேர்வை எழுதுவதே இல்லை. எழுதாமலே நல்ல பொதுப் பள்ளிகளிலிருந்து பல்கலைக்கழகம் போகிறார்கள். கிராமர் பள்ளிகளின் உயர்ந்த தேர்ச்சிக்குக் காரணம், அங்கே சேரும் பிள்ளைகள் ஏற்கெனவே நன்றாகப் படிப்பவர்கள் என்பதுதான். அதைக் கழித்துப் பார்த்தால் அந்தப் பள்ளிகள் கூடுதலாக எதையும் சேர்ப்பதாகத் தெரியவில்லை என்று டர்ஹாம் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் கொரார்டும் நாதியா சித்திக்கியும் 2018-இல் எழுதினார்கள். இதை மறுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பிள்ளையின் எதிர்காலம் அந்த ஒரு காலைப்பொழுதில் தொங்குகிறது என்று சொல்ல யாரிடமும் ஆதாரம் இல்லை. அதைப் பிள்ளையின் காதுபடச் சொல்லாமல் இருப்பதும் உதவிதான். சொல்லப்போனால் டியூஷனைவிடப் பெரிய உதவி.

முடிவுகள் பெரும்பாலும் அக்டோபர் நடுவில் வரும். பள்ளி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அக்டோபர் 31. இடையில் இருக்கும் இரண்டு வாரங்கள்தான் பெற்றோருக்கான உண்மையான தேர்வு. லண்டனில் ஆறு பள்ளிகளை வரிசைப்படுத்தி எழுதலாம். எந்த இடத்தில் தங்கள் பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்பது பள்ளிகளுக்குத் தெரியாது. ஆகவே கிராமர் பள்ளியை முதலில் எழுதினால் அடுத்த பள்ளி கோபித்துக்கொள்ளும் என்ற பேச்சு வெறும் வதந்தி. உண்மையில் விரும்பும் வரிசையிலேயே எழுதலாம். ஆனால் ஆறையும் கிராமர் பள்ளிகளால் நிரப்பிவிட்டு, மார்ச் 1 அன்று பெயரே கேள்விப்படாத, இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய பள்ளியில் இடம் என்ற மின்னஞ்சலைப் பார்த்துக் கலங்குபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். நடந்து போகும் தூரத்தில் இருக்கும் பொதுப் பள்ளியைத் தேர்வுக்கு முந்தைய ஆண்டிலேயே பிள்ளையோடு போய்ப் பார்த்து, அதில் பிடித்ததைப் பேசி, பட்டியலில் அதற்கும் ஓர் இடம் கொடுத்தவர்களுக்கு அந்தக் கலக்கம் இல்லை.

இடம் கிடைக்காதவர்கள் மேல்முறையீடு செய்யலாம்; காத்திருப்போர் பட்டியலும் உண்டு. அதற்குப் பிறகும் ஒரு வாசல் இருக்கிறது. பல கிராமர் பள்ளிகள் பதினாறு வயதில், பன்னிரண்டாம் ஆண்டுக்கு, வெளிப் பள்ளி மாணவர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. ஆண்கள் பள்ளிகளில் சில அந்த வகுப்புகளுக்குப் பெண்களையும் எடுக்கின்றன. அப்போது உருவத் தருக்கம் கேட்பதில்லை, ஜி.சி.எஸ்.இ. பொதுத்தேர்வு மதிப்பெண்ணைத்தான் பார்க்கிறார்கள்.